நாற்பத்திரண்டு நாள் கோதுமை

கொடுங்கள், ஒன்று போதும். முன்பின் தெரியாதவர் கையிலிருந்து நான் எதையும் வாங்குகிறவன் இல்லை. கூச்சம். ஆனால் பிஸ்கட் கோதுமைதானே? கோதுமை என்றால் எனக்கு இன்னும் அனுமதி இருக்கிறது. நிறுத்து என்று டாக்டரம்மா இதுவரை சொல்லவில்லை. இன்றைக்கு ஐம்பதாவது நாள்.

உங்கள் டோக்கன் எத்தனை? முப்பத்தெட்டா? எனக்கு முப்பத்தொன்று. இப்போது பத்தொன்பதுதான் போகிறது. நேரம் இருக்கிறது.

அதோ எதிர் வரிசையில் மூன்றாவது பெஞ்சைப் பாருங்கள். நேராகப் பார்க்காதீர்கள், சும்மா திரும்புகிற மாதிரிப் பாருங்கள். பச்சைச் சேலை என் பெண் கோகிலவாணி. கண்ணாடி போட்டுக்கொண்டு விசிறிக்கொண்டிருப்பவர் அவள் மாமியார், மயிலாத்தாள். ஓரத்தில் சாப்பாட்டுத் தூக்குப்போசியை மடியில் வைத்திருப்பது என் சம்சாரம், தெய்வானை. மூன்று பேரும் அங்கே. நான் இங்கே. ஏழு நாளாக இப்படித்தான். மூன்று பேரோடும் எனக்குப் பேச்சு இல்லை.

என் பேர் கிட்டுசாமி. ஆனைமலைப் பக்கம் தேங்காய்க் களத்தில் காய் எண்ணுகிறேன். படிப்பு ஐந்தாவது வரைக்கும்தான். ஆனால் எண்ணிக்கையில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. இரண்டு கையிலும் சேர்த்து ஒரு வீச்சுக்கு நான்கு காய். இருபத்தைந்து வீச்சு நூறு. நூறு முடிந்ததும் அடையாளத்துக்கு ஒரு காயைத் தனியாக வைப்போம். முப்பத்தொரு வருஷம் இந்த வேலை. லாரி போன பிறகு காய் குறைந்தது, கூடியது என்று ஒரு போன் வந்ததில்லை. இப்போது வந்துவிட்டது. அதையும் சொல்கிறேன்.

எனக்கு மாசாமாசம் கிருத்திகை விரதம் உண்டு. பகலில் பால், பழம். ராத்திரி அரிசிச் சோறு சேர்க்கக் கூடாது, பலகாரம்தான். எங்கள் வீட்டில் பலகாரம் என்றால் ரவை உப்புமா, இல்லாவிட்டால் சப்பாத்தி. மறுநாள் விடிந்தால் வயிறு பானை மாதிரி வீங்கிவிடும். நாலு தடவை, ஐந்து தடவை போக வேண்டியிருக்கும். வயித்தைக் காயப் போட்டா அப்படித்தான் என்று சம்சாரம் சொன்னாள். முருகனுக்கு ஏதோ குறை வைத்துவிட்டேன் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் தினக் காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்னால் குறித்துவைத்தேன். பதினான்கு கிருத்திகை குறித்தேன். பதினான்கிலும் மறுநாள் வயிறு கெட்டது. பதினைந்தாவது கிருத்திகைக்கு ஒரு துக்க வீட்டுக்காகத் தாராபுரம் போயிருந்தேன். அங்கே ராத்திரிக்கு ஊறவைத்த அவல் கொடுத்தார்கள். மறுநாள் வயிறு கிணற்றுத் தண்ணீர் மாதிரி அமைதியாக இருந்தது.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. விரதமும் இல்லை, முருகனும் இல்லை. கோதுமை. லோடு ஏற்றுகிற நாளில் களத்தில் பரோட்டா வாங்கித் தருவார்கள், அதையும் விட்டேன். பன், ரஸ்க், சேமியா எல்லாம் விட்டேன். விட்டு ஒரு வருஷத்தில் ஆறு கிலோ ஏறினேன். கொப்பரை போடுகிற தராசில் நின்று பார்த்தேன், ஐம்பத்தெட்டு.

டாக்டர் யாரும் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தது. அது எனக்கு ஒரு பெருமைதான். மறைப்பானேன்?

என் பெண்ணுக்கும் அதே வயிறு. எங்கள் வீட்டில் மூன்று வேளையும் அரிசி, அதனால் சின்ன வயதில் வெளியே தெரியவில்லை. பல்லடத்தில் கட்டிக் கொடுத்தோம். அந்த வீட்டில் சம்பந்திக்குச் சர்க்கரை. ஒருத்தருக்குச் சர்க்கரை வந்தால் வீட்டில் எல்லோருக்கும் ராத்திரி சப்பாத்தி என்று ஆகிவிடுகிறது, பார்த்திருப்பீர்கள். ஐந்து வருஷம் தினமும் ராத்திரி சப்பாத்தி. பெண் வெளுத்துப்போனாள். ரத்தம் ஏழுதான் இருக்கிறது என்றார்கள். இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் தங்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பரிகாரம் செய்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். அந்த மாமியார் ஒரு நாள் என் எதிரிலேயே சொன்னார்:

“சம்பந்தீங்க, உங்க பொண்ணுக்கு அதுவும் வேண்டாம் இதுவும் வேண்டாமுன்னா காத்தைக் குடிச்சுட்டுத்தான் இருக்கோணும். எங்க வீட்டுல பொங்கித் தின்னுதான் பழக்கம்.”

எனக்கு அந்த மாதிரி நேரத்தில் வாய் வராது. பெண்ணிடம் மட்டும் தனியாகச் சொன்னேன், கோதுமையை விட்டுப் பார், கண்ணு என்று. மாமியாருக்குத் தெரியாமல் ராத்திரியில் மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டாள். மூன்று மாசத்தில் ரத்தம் பத்தானது. முகம் தெளிந்தது. சரி, இதை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிவிட்டால் அந்த வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது, போனது இரண்டும் என் பெண்ணின் ராசி இல்லை, நோய் என்று தெரிந்துவிடும் என்றுதான் இந்த டாக்டரம்மாவிடம் கூட்டிவந்தேன். எனக்கு வேண்டியது அந்தக் காகிதம் ஒன்றுதான். இப்போதும் அதுதான்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்கள். என் காலண்டர் தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு ரொம்ப நன்றாகக் குறித்திருக்கிறீர்கள் என்றார்கள். பிறகு கேட்டார்கள், கோதுமை நிறுத்தி எவ்வளவு நாள் ஆச்சு என்று. பெண்ணுக்கு நாலு மாசம், எனக்கு ஒரு வருஷம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

“அடுப்பை அணைச்சுட்டு வந்து புகை இருக்குதான்னு கேட்டா நான் என்னங்க சொல்றது?”

கோதுமை உள்ளே போகிறபோது உடம்பு அதோடு சண்டை போடுமாம். அந்தச் சண்டையின் அடையாளத்தைத்தான் ரத்தத்தில் தேடுகிறார்களாம். மாதக்கணக்கில் கோதுமையே போகவில்லை என்றால் நோய் இருந்தாலும் இல்லை என்றே காகிதத்தில் வரும். அதனால் திரும்பச் சாப்பிட வேண்டும். ஆறு வாரம். தினமும் இரண்டு சப்பாத்தியாவது. அதற்குப் பிறகு ரத்தம். இது குடும்பத்தில் வருகிற நோய், அப்பாவும் சேர்ந்தே பாருங்கள் என்றார்கள்.

நல்லது செய்கிறேன் என்று நான்தான் பரிசோதனையைக் கெடுத்திருக்கிறேன். எனக்கு அது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். எப்போதும் கேட்டுக்கொண்டு செய்கிறவன் நான், இதை மட்டும் கேட்காமல் செய்துவிட்டேன்.

வெளியே வந்ததும் பெண் அழுதுவிட்டாள். முடியாதுங்ப்பா, திரும்ப அந்த வயித்து வலி என்னால ஆகாது என்றாள். நானும்தான் சாப்பிடுகிறேன், இரண்டு பேரும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிப்போம் என்றேன். நாற்பத்திரண்டு நாள். அப்படியே எனக்குக் கை கொடுத்துச் சத்தியம் செய்தாள். இந்த ஆஸ்பத்திரி வாசலில்தான், அந்த இளநீர் வண்டி பக்கத்தில்.

சப்பாத்தி ஒன்று பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் வந்தால் கணக்கு என்ன ஆவது? அதனால் ஒரே அளவில் இரண்டு எவர்சில்வர் மூடி வாங்கினேன். தேய்த்த மாவின் மேல் மூடியை வைத்து அழுத்தினால் ஒரே வட்டம். ஒன்று எங்கள் வீட்டுக்கு, ஒன்று பல்லடத்துக்கு. தினமும் ராத்திரி எட்டரைக்குப் போன் செய்வேன்.

“சாப்ட்டாச்சா?”

“சாப்ட்டாச்சுங்ப்பா.”

“ரெண்டா?”

“ரெண்டு.”

அவ்வளவுதான். எனக்குப் போனில் நீட்டிப் பேச வராது. காலண்டரில் இரண்டு கோடு போடுவேன், ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு.

மூன்றாவது நாளே வயிறு வீங்கிவிட்டது. ஒன்பதாவது நாள் களத்துக்கு லீவு போட்டேன். பிறகு லீவு போடவும் கூச்சமாகிவிட்டது, இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். ராத்திரி தட்டில் அந்த இரண்டு வட்டத்தைப் பார்த்தாலே வாயில் எச்சில் கசக்கும். ஆனால் பல்லடத்தில் என் பெண்ணும் இதே நேரத்தில் இதே வட்டத்தைத் தின்றுகொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்கு என்னைவிடச் சின்ன உடம்பு. அவளே தின்கிறபோது நமக்கென்ன என்று இறக்கிவிடுவேன். பொய் சொல்லவில்லை, அந்த ஒரு நினைப்பில்தான் இறங்கியது.

இருபத்தாறாவது நாள் ஒரு லோடு எண்ணினேன், ஆறாயிரம் காய். மறுநாள் வாங்கினவர் போன் செய்து எட்டுக் காய் கூடுதலாக வந்திருக்கிறது என்றார். எட்டு. இரண்டு வீச்சு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டு வந்து விட்ட இடம் தெரியாமல் எண்ணியிருக்கிறேன். முதலாளி சிரித்துக்கொண்டே, போகுது விடுங்க கிட்டண்ணா, குறைஞ்சிருந்தாத்தான் தப்பு என்றார். அவருக்கு அது தப்பு இல்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. சப்பாத்தி மட்டும் இறங்கியது. இறக்கித்தானே ஆக வேண்டும்?

என் சம்சாரம் அந்த நாட்களில் ஒரு மாதிரி இருந்தாள். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கண்ணைத் துடைப்பாள். புகை என்பாள். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. ஒரு நாள், இன்னைக்கு ஒரு நாளைக்கு விட்டுருங்களே, யாருக்குத் தெரியப் போகுது என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அங்க அவ தின்னுட்டிருக்கறா, இங்க நான் ஏமாத்தறதா என்று கேட்டேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஐம்பத்தெட்டு கிலோ ஐம்பத்து மூன்றரை ஆனது. நாற்பத்திரண்டு கோடு முடிந்தது. போன புதன்கிழமை, நாற்பத்து மூன்றாம் நாள் காலையில், இங்கே வந்தோம். பெண் மாமியாரோடு வந்திருந்தாள். முகம் நன்றாகப் பூரித்திருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், வீங்கிப்போயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

ரத்தம் எடுக்கிற பெண் என் பேரை மட்டும் கூப்பிட்டது. ஒரு குழாய்தான் கையில் வைத்திருந்தது. அம்மிணி, இரண்டு பேர், கோகிலவாணி என்று இன்னொரு பேர் இருக்கும் பாருங்கள் என்றேன். அது சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு பேர்தானுங்க எழுதியிருக்குது என்றது. விட்டுப்போயிருக்கும், டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சண்டைக்கே போய்விட்டேன். நான் சத்தம் போட்டுப் பேசி என் சம்சாரமே கேட்டதில்லை. அப்போதுதான் என் பெண் கோகிலவாணி வந்து என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“அப்பா, நான் பதினஞ்சு நாள்தானுங் சாப்பிட்டேன்.”

“மீதி இருபத்தேழு?”

“சாப்பிடலீங்ப்பா.”

இருபத்தேழு ராத்திரி நான் கேட்டிருக்கிறேன், ரெண்டா என்று. இருபத்தேழு ராத்திரி அவள் சொல்லியிருக்கிறாள், ரெண்டு என்று. இருபத்தேழு கோடு பொய்க் கோடு. அதில் ஒரு ராத்திரி, பதினேழாம் நாள் என்று ஞாபகம், அவளாகவே என் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அதெல்லாம் இருக்கட்டும், ரெண்டா என்று கேட்டேன். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு, ரெண்டுதானுங்ப்பா என்றாள். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்.

காரணம் மாமியார்தான் சொன்னார். பதினைந்தாம் நாள் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருந்ததாம். வீட்டிலேயே பார்த்தார்களாம், உண்டாகியிருக்கிறாளாம். மறுநாளே இந்த டாக்டரம்மாவுக்குப் போன் செய்து கேட்க, அவர்கள் கோதுமையை அப்படியே நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம். அன்றிலிருந்து அந்த மாமியார், காற்றைக் குடிக்கச் சொன்ன அதே மாமியார், ராத்திரி இவளுக்கு என்று தனியாகத் தோசை ஊற்றிக் கொடுத்திருக்கிறார். நான் வாங்கிக் கொடுத்த மூடி பால் போசியை மூட உபயோகப்படுகிறதாம். அதையும் அவரே சொன்னார்.

“மூணு மாசம் முடியற வரைக்கும் ஆருக்கும் சொல்ல வேண்டாமுன்னு நாந்தானுங்க சம்பந்தி சொன்னேன். ரெண்டு தடவை சொல்லிச் சொல்லிக் கெட்டுப்போச்சல்லங்க.”

“ஆருக்கும்னா?” என்றேன். “நானும் அந்த ஆருக்குமுல சேத்தியா?”

அவர் என் சம்சாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் இடி விழுந்தது. அவளுக்கும் தெரியும். பதினாறாம் நாளிலிருந்து தெரியும். தெரிந்துகொண்டே இருபத்தேழு ராத்திரி எனக்கு மூடி வைத்து அழுத்தி அழுத்திச் சுட்டுப் போட்டிருக்கிறாள். நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள்.

அவள் சொன்ன நியாயத்தையும் கேளுங்கள். என்னிடம் சொன்னால் நான் நிறுத்திவிடுவேனாம். பெண்ணுக்கு இப்போதைக்குப் பரிசோதனை இல்லை என்று ஆகிவிட்டது. அப்பாவுக்காவது தெரிந்தால் பெண்ணுக்கும் பிறக்கிற குழந்தைக்கும் ஒரு வழி புரியும், அவரை மட்டும் விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார்களாம். அதனால் மூன்று பேரும் சேர்ந்து என்னைத் தின்னவிட்டார்கள். என்னை அடுப்பாக வைத்துப் புகை பார்த்திருக்கிறார்கள்.

நிறுத்தியிருப்பேனா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கே தெரியவில்லை. ஆனால் கேட்டிருக்கலாம் இல்லையா? இத்தனை வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்டு நான் மாட்டேன் என்று சொன்னது உண்டா?

அன்றைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். முடிவு வருகிறவரை நிறுத்த வேண்டாம், ஒருவேளை வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்கள். அதனால் இன்னும் தின்கிறேன். பேச்சு மட்டும் இல்லை. சம்சாரம் தட்டு வைத்தால் சாப்பிடுவேன், எழுந்துவிடுவேன். எட்டரைக்குப் போன் அடிக்கிறது. பெண்தான். எடுப்பதில்லை. எத்தனை தடவை அடிக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இதை நான் உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது. மூன்று மாசம் ஆகவில்லை, இன்றைக்கு அறுபத்து நாலு நாள்தான். அவர்கள் எனக்குச் சொல்லவில்லை, நானே கணக்குப் போட்டேன். நீங்கள் எந்த ஊர்? ஒட்டன்சத்திரமா? அப்படியானால் பரவாயில்லை. அங்கே எங்களுக்கு யாரும் இல்லை.

முப்பத்தொன்று கூப்பிடுகிறார்கள். இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்துவிட்டேன், இருக்கிறீர்களா? உங்கள் எண் இன்னும் வரவில்லையே? நல்லதாகப் போயிற்று.

எனக்கு அந்தக் கோதுமை நோய் இருக்கிறது. இந்தக் காகிதத்தில் இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, எண் தெரியும். பத்துக்குக் கீழே இருக்க வேண்டுமாம். இதோ, நூற்று எண்பத்தாறு. வெள்ளிக்கிழமை குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். அதுவரை இரண்டு சப்பாத்தி. அதற்குப் பிறகு ஆயுசுக்கும் கோதுமை கிடையாது, பெருங்காயத்தூளில்கூட மாவு கலந்திருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டுமாம். மூன்று பேரும் என் பின்னாலேயே உள்ளே வந்து நின்றார்கள். மாமியார் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். நான் எதிர்பார்த்த காகிதம்தான், ஆனால் பேர் என்னுடையது.

பெண்ணுக்கு இருக்கும் என்றுதான் டாக்டரம்மாவும் நினைக்கிறார்கள். அவளுக்குக் காகிதம் வேண்டுமானால் குழந்தை பிறந்து, உடம்பு தேறி, அதற்குப் பிறகு திரும்ப முதலிலிருந்து ஆறு வாரம் அவள் சாப்பிட வேண்டும். பதினைந்து நாள் சாப்பிட்டது கணக்கில் சேராதாம். நான் கேட்டுப் பார்த்தேன், சேராது என்றுவிட்டார்கள்.

பிறகு ஒன்று கேட்டேன். அந்த ஆறு வாரமும் அவளோடு நானும் சாப்பிடலாமா என்று.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்கள். உங்களுக்குத்தான் தெரிஞ்சு போச்சே, இனி ஒரு துண்டு தொடக் கூடாது, அவங்க தனியாத்தான் சாப்பிடோணும் என்றார்கள். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவளுக்காக நான் கேட்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தொடங்கிய கணக்கு, ஒருத்தர் பக்கத்தில் இருபத்தேழு நாள் நிற்கிறது. அது என் மனசுக்கு ஒப்பவில்லை, அவ்வளவுதான். அவளோடு நான் பேசவில்லை, கவனித்தீர்களா? டாக்டரம்மாவிடம்தான் கேட்டேன்.